வெள்ளிக்கிழமை சாயங்காலத்துச் சத்தி பஸ்

புரட்டாசி முதல் ஞாயிறு. ரெண்டு நாள் ஊரில் இருந்துவிட்டு, அக்கா மகளும் நானும் சத்தியமங்கலத்தில் ஒரே பஸ் ஏறிக் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் வேலைக்கு, அவள் ஹாஸ்டலுக்கு. முதலாமாண்டு பொறியியல் சேர்ந்து நாலு வாரம் ஆகிறது. நாலு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு வந்துவிட்டாள். மடியில் புளிச்சோற்றுப் போசி, காலுக்கடியில் அக்கா துவைத்து மடித்துக் கொடுத்த துணிப்பை. புளியம்பட்டி தாண்டும்வரை பேச்சே இல்லை. செல்போனைக்கூட வெளியே எடுக்கவில்லை. அன்னூர் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, “சித்தி, எனக்கு அங்க ஆருமே இல்லீங்” என்றாள்.

“எல்லாம் பழகிரும் கண்ணு. போகப் போகச் செரியாயிரும்” என்றேன். “செரீங் சித்தி” என்றாள். அதற்கப்புறம் காந்திபுரம் வரும்வரை ரெண்டு பேரும் பேசவில்லை. ஹாஸ்டல் வாசலில் விட்டபோது கையை ஆட்டிவிட்டு, போசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தச் “செரீங் சித்தி” மூணு வாரமாக என் காதிலேயே இருக்கிறது. 2007-ல் இதே ரோட்டில், இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெரியம்மா எனக்குச் சொன்னதும் இதே ‘பழகிரும்’தான். நான் சொன்ன பதிலும் அதே ‘செரீங்’தான். ஒன்றும் சரியாகவில்லை என்று உள்ளே தெரியும்போது பெரியவர்களிடம் சொல்கிற ‘செரீங்’ அது. பழகிவிடும் என்பது பொய்யில்லை. ஆனால் எதனால் பழகும், எந்த நாளில் பழக ஆரம்பிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த நாள் எது என்று தெரியும். அது ஒரு சனிக்கிழமை. தெரிந்து வைத்துக்கொண்டே அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவளுக்காகவும், இந்த வருசம் புதுசாகக் காலேஜுக்குள் நுழைந்திருக்கிற நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும் அதை இங்கே எழுதுகிறேன்.

பக்கத்திலேயே இருப்பதில் வரும் சங்கடம்

கொங்குநாட்டில் வளர்கிற பிள்ளைக்குக் காலேஜ் தூரதேசம் இல்லை. எங்க அப்பா சின்னப் பையனாக இருந்தபோது இன்ஜினியரிங் என்றால் கோவைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கிண்டி. கோவையில் அரசுக் கல்லூரி 1945-லேயே வந்துவிட்டது. 1984-ல் பெருந்துறையிலும் ஈரோட்டிலும் வந்தது. அப்புறம் பைபாஸ் ஓரத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு வளைவும் அதற்குள் ஒரு காலேஜும் என்று ஆகிவிட்டது. சத்தியிலிருந்து கோவைக்குச் சுமார் 70 கிலோமீட்டர், பொள்ளாச்சியிலிருந்து 40, ஈரோட்டிலிருந்து 100. எங்கிருந்து கிளம்பினாலும் மூணு மணி நேரத்துக்குள் அம்மா கையால் சாப்பிட்டுவிடலாம். இது பெரிய கொடுப்பினை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கொடுப்பினையால்தான் நம்ம பிள்ளைகள் பலரும் முதல் ஆறு மாசம் காலேஜுக்குள் வந்து சேர்வதே இல்லை. திங்கட்கிழமை வந்து வெள்ளிக்கிழமை கிளம்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கிற அஞ்சு நாளும் அடுத்த வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டிருப்பதிலேயே போய்விடுகிறது.

நான் அப்படித்தான் இருந்தேன். எங்கள் ஊர் சத்திக்கும் கோபிக்கும் நடுவில், கொடிவேரியிலிருந்து வருகிற தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஊர். அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர், மஞ்சளும் நெல்லும். அரசுப் பள்ளியில் தமிழ்வழி. நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை மட்டும் வைத்து இடம் கொடுக்க ஆரம்பித்த வருசம் அது. கலந்தாய்வு இப்போதுபோல செல்போனில் வராது. அப்பாவும் நானும் ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். எங்கள் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போகிறேன். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010-ல்தான் வந்தது, எனக்கு அது இல்லை. அப்பா மஞ்சள் மூட்டையை விற்றுத்தான் பணம் கட்டினார்.

ஹாஸ்டலில் முதல் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கே பையைக் கட்டி வைத்துவிட்டேன். கடைசி வகுப்பு முடிந்ததும் ஓட்டம். காந்திபுரத்தில் சத்தி பஸ் கூட்டமாகத்தான் இருக்கும், நின்றுகொண்டே போனாலும் சந்தோசம். வீட்டில் அம்மா அரிசியும் பருப்பும் ஆக்கி, மேலே ஒரு கரண்டி நெய்யை விட்டு வட்டலில் போடுவாள். ஞாயிறு சாயங்காலம் துவைத்த துணி, ஒரு போசிப் புளிச்சோறு, ஒரு தூக்கில் கச்சாயம், செலவுக்கு நூறு ரூபாய். இந்த நூறு ரூபாயும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். வாரச் செலவை வாரா வாரம்தான் வாங்க முடியும். கையில் காசு தீர்ந்துவிட்டால் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அக்கா மகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் அவள். படிப்புக் கட்டணத்தோடு ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் அவள் பெயரிலேயே வங்கியில் விழும். பையன்களுக்கும் 2024-ல் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது, நம்ம கோவையில்தான் தொடங்கி வைத்தார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவுக்குச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை ஊருக்கு வரலாமா, இருந்துவிடலாமா என்று பிள்ளை தானே முடிவெடுக்கக் கையில் கொஞ்சம் காசு இருக்க வேண்டும்.

எந்த ஊரு, எந்தக் கோயிலு

முதல் வாரம் எனக்குச் சினேகிதிகள் கிடைக்கவில்லை என்று சொல்லமுடியாது. அன்னைக்கே நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். ஒருத்தி கவுந்தப்பாடி, ஒருத்தி நம்பியூர், ரெண்டு பேர் காங்கேயம் பக்கம். எப்படிச் சேர்ந்தோம் என்று நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. “எந்த ஊரு?” என்று ஆரம்பிக்கும். ஊர் தெரிந்ததும் “எந்தக் கோயிலு?” கோயில் பெயரைச் சொன்னதும் என்ன கூட்டம், அதாவது என்ன குலம், என்ன ஆளுங்க, பங்காளியா மாமன் மச்சானா, எல்லாம் தெரிந்துவிடும். கேட்கிறவள் பதினேழு வயசுப் பிள்ளை, மனசில் கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது. ஒறம்பறை (சொந்தக்காரர்) வீட்டில் பெரியவர்கள் கேட்டதைத்தான் இவளும் கேட்கிறாள். ஆனால் பதில் பொருந்தவில்லை என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நானும் கேட்டிருக்கிறேன். பதிலைக் கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியும் இருக்கிறேன்.

எங்க அஞ்சு பேருக்கும் பேச ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ஊர். எப்போது ஊருக்குப் போவோம், ஊரில் என்ன நோம்பி, மெஸ் சாப்பாட்டைவிட வீட்டுச் சாப்பாடு எவ்வளவு ருசி. வகுப்பில் நடந்த எதைப் பற்றியும் பேசமாட்டோம், ஏனென்றால் அஞ்சு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதல் உள்தேர்வில் கணிதத்தில் 50-க்கு 11 வாங்கினேன். பன்னிரண்டாம் வகுப்பில் அதே கணிதத்தில் 200-க்கு 194 வாங்கியவள் நான். விடைத்தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக்கிப் பையின் அடியில் போட்டுவிட்டேன். அந்த வாரமும் ஊருக்குப் போனேன். அம்மா “படிப்பெல்லாம் எப்படி சாமி?” என்றாள். “நல்லா இருக்குதுங்” என்றேன்.

இது நடந்தது செப்டம்பரில். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை. நானாக விரும்பி எடுத்த முடிவில்லை அது. திங்கட்கிழமை பொறியியல் வரைபடத்தில் நாலு ஷீட் கொடுக்க வேண்டும், நான் ஒன்றுகூட முடிக்கவில்லை. முந்தின வாரம் டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் பார்த்தேன். கண்டக்டர், “அம்மிணி, இதுக்கு ஒரு டிக்கெட்டு, உனக்கு ஒரு டிக்கெட்டா?” என்றார். கூட்டத்தில் போர்டின் மூலை ஒரு பாட்டியின் தோளில் இடித்துவிட்டது. மறுபடி அந்த வேலைக்குப் போக மனசு வரவில்லை.

எங்கள் ஹாஸ்டலில் செல்போன் கூடாது. வாசலருகே சிவப்பு நிறத்தில் ஒரு ரூபாய் போன் இருக்கும். வரிசையில் நின்று பக்கத்து வீட்டுக்கு அடித்து, அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, மறுபடி அடித்தேன். “இந்த வாரம் வரலீங்ப்பா. படம் வரையோணும்.” அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு ரூபாய் தீரப்போகிற சத்தம் கேட்டு இன்னொன்று போட்டேன். அதற்கப்புறம்தான் அப்பா பேசினார். “செரி சாமி. கையில காசு இருக்குதா?” வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஹாஸ்டலைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. எங்கள் மாடியில் அறுபது பேர் இருப்போம், அன்றைக்குப் பத்துப் பதினோரு பேர்தான். வராண்டாவில் நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. கொடியில் துணி இல்லை, குளியலறையில் வரிசை இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டே அழுதேன், கேட்க ஆள் இல்லை என்ற நினைப்பில். கேட்க ஆள் இருந்தது என்று மறுநாள்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் போர்டை மேசைமேல் போட்டு, ஷீட்டை ஒட்டி, டிராஃப்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கேள்வியே நீள்வட்டம். ஃபோகஸுக்கும் டைரக்ட்ரிக்ஸுக்கும் நடுவில் 50 மில்லிமீட்டர், எக்சென்ட்ரிசிட்டி 2/3. வகுப்பில் சார் கரும்பலகையில் போட்டதை அப்படியே பார்த்து எழுதி வைத்திருந்தேன், ஒரு எழுத்தும் புரியாமல். கதவுப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். ராமநாதபுரம் பக்கத்துக்காரி. என் வகுப்புதான், எனக்கு ரெண்டு வரிசை பின்னால். ஒரு மாசத்தில் நான் அவளிடம் பேசியது “பேனா இருக்குதா” என்பதுதான். ஊரைக் கேட்டதும், கோயிலைக் கேட்க அவசியமே இல்லை என்று விட்டுவிட்ட பெண்.

“ராத்திரி அழுதியே, வீட்டு ஞாபகமா?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் போர்டைப் பார்த்தாள். “இதுதான் வரலையா? குவியம், இயக்குவரை, மையத்தொலைத்தகவு. பன்னெண்டாவதுல படிச்சோமே.”

அந்த நிமிசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குவியமா? இது குவியமா? ஃபோகஸ் என்று சார் ஒரு மாசமாகச் சொன்னது குவியத்தையா? டைரக்ட்ரிக்ஸ் என்பது இயக்குவரையா? பகுமுறை வடிவ கணிதம் என் உயிர். பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம், ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தகவு 2/3 என்றால், அந்த 50-ஐ அஞ்சு பாகமாகப் பிரித்து, குவியத்திலிருந்து ரெண்டு பாகம், இயக்குவரையிலிருந்து மூணு பாகம் வருகிற இடத்தில் முனையை வைக்க வேண்டும். அவள் சொல்லவே இல்லை, நானே பென்சிலை எடுத்து 20-லும் 30-லும் குறித்தேன். கை நடுங்கியது. தெரிந்த ஆளையே வேற ஊரில், வேற சட்டையில் பார்த்து அடையாளம் தெரியாமல் ஒரு மாசம் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.

அவளும் தமிழ்வழிதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டு வைத்திருந்தாள். இடப்பக்கம் நமக்குத் தெரிந்த வார்த்தை, வலப்பக்கம் வகுப்பில் சொல்கிற வார்த்தை. அணிக்கோவை, டிடர்மினன்ட். அணியின் தரம், ரேங்க். வகைக்கெழு, டெரிவேட்டிவ். முழு அக எதிரொளிப்பு, டோட்டல் இன்டர்னல் ரிஃப்ளெக்‌ஷன். உச்சரிப்பையும் தமிழிலேயே எழுதியிருந்தாள், வகுப்பில் காதில் விழுவதைப் பிடிக்க வசதியாக. நான் 50-க்கு 11 வாங்கிய தேர்வில் கேட்டிருந்ததில் பாதி, நான் பள்ளியில் போட்டுத் தள்ளிய கணக்குகள். மதியத்துக்குள் அந்த நோட்டை முழுசாகப் பார்த்து எழுதினேன்.

சாப்பிட்டுவிட்டு வரும்போது அவள் மெஸ் அக்காவிடம் கேட்டு ஒரு கேரட் வாங்கிவந்தாள். ஊட்டிக் கேரட், நல்ல கூம்பு மாதிரி. டிராயிங் ஷீட்டின்மேலேயே நிறுத்திவைத்து, பென்சில் சீவுகிற பிளேடால் சாய்வாக வெட்டினாள். வெட்டிய முகத்தை என் பக்கம் திருப்பினாள். ஈரமாக, பளபளவென்று ஒரு நீள்வட்டம். அதற்குள்ளே வெளிறின நிறத்தில் கேரட்டின் நடுத்தண்டு, அதுவும் ஒரு குட்டி நீள்வட்டம். “இதத்தான் சார் வரையச் சொல்றாரு” என்றாள். அப்புறம் அந்தத் துண்டையே ரெண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி தின்றோம். ஷீட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை விழுந்துவிட்டது. அந்தக் கறையோடுதான் திங்கட்கிழமை கொடுத்தேன்.

இன்றைக்கு நான் கோவை கணபதியில் பம்புக் கம்பெனி ஒன்றில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். பம்புக்குள் சுற்றுகிற சக்கரத்தை எந்த இடத்தில் வெட்டினால் உள்ளே என்ன தெரியும் என்று வரைவதுதான் என் வேலை. புதுசாக வரைய உட்காரும்போதெல்லாம் அந்த வெட்டு முகம் கண்முன் வந்துவிட்டுத்தான் போகும்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி காயப் போட்டோம். என் துணியை நானே துவைத்தது அன்றைக்குத்தான். தங்கியிருந்த எல்லாரும் அங்கே இருந்தார்கள். திருவாரூர், தர்மபுரி, கூடலூர். ஒருத்தி ஈரோடு டவுன், ரெண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் போகமாட்டாள். அம்மா இல்லை, அப்பா வேற கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்பதை டிசம்பரில்தான் சொன்னாள். நான் ‘அக்கட்ட’ என்றால் சிரித்தார்கள், ராமநாதபுரத்துக்காரி ‘அங்கிட்டு’ என்றால் நான் சிரித்தேன். ராத்திரி பத்து மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். யாரும் யாரிடமும் கோயில் பெயரைக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் நான் போகவில்லை. இந்த முறை நானாகத்தான். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஒரு சீப்புக் கதளிப் பழத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார். பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, என்னைவிட அவளிடம்தான் அதிகம் பேசினார். “உங்கூருல மழையா சாமி?” என்று கேட்டார். அவள் மழை இல்லை என்றாள். “உங்க வாய்க்கால்ல வருசம் பூராத் தண்ணி வருமாப்பா?” என்றாள். “ரெண்டு போகத்துக்கு விடுவாங்க சாமி. வந்து பாரு.” பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தாள். வாய்க்காலில் முட்டளவு தண்ணீரில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள், கூப்பிட்டாலும் வரவில்லை. அப்போது அம்மா வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாக, “அவிக என்ன ஆளுங்க?” என்றாள். “தெரியலீங்ம்மா” என்றேன். நாலு மாசமாக ஒரே அறை மாதிரி இருந்தும் எனக்கு நிஜமாகவே தெரியாது. அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய், எங்கள் வட்டல்களோடு இன்னொரு வட்டலை எடுத்துக் கழுவி வைத்தாள்.

அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது

வீட்டை மறந்துவிடு என்று நான் சொல்லவரவில்லை. முதல் செமஸ்டரில் ஒரு நாலு சனி ஞாயிறாவது ஹாஸ்டலில் இருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். தொடர்ச்சியாக ரெண்டு வாரம் இருந்தால் இன்னும் நல்லது. முதல் வாரம் அழுகையிலேயே போய்விடும், ரெண்டாவது வாரம்தான் கண் திறக்கும். திங்கள் முதல் வெள்ளிவரை எல்லாரும் வகுப்பு, ரெக்கார்டு, உள்தேர்வு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. துணி துவைக்கிற இடத்திலும், ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸிலும்தான் ஆளுக்கு ஆள் தெரியும். தூர ஊர்ப் பிள்ளைகள் சீக்கிரம் பக்குவப்பட்டுவிடுகிறார்கள் என்று நாம் பேசிக்கொள்வோம். அவர்களுக்கு வேற வழி இல்லை, முதல் வாரமே அந்த மொட்டை மாடிக்கு வந்துவிடுகிறார்கள்.

தினமும் காலேஜ் பஸ்ஸில் வந்துபோகிற பிள்ளைகள் நம்ம பக்கத்தில்தான் எத்தனை பேர்! கோபியிலும் உடுமலையிலும் ஆறரை மணிக்கே மஞ்சள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சாயங்காலம் பஸ் கிளம்பும் நேரத்துக்கு ஓடியாக வேண்டும் என்பதால் நூலகம், ஆய்வகம், விளையாட்டு, தமிழ் மன்றம் எதுவும் கிடைக்காது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வருகிறேன் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். பெண்பிள்ளை வீட்டில் இதற்குச் சண்டை வரும், எனக்குத் தெரியும். அந்தச் சண்டையைப் போடுங்கள். அக்கா வீட்டில் வந்தால் நானே வந்து உட்கார்ந்து பேசுகிறேன்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லவேண்டும். வீட்டு ஞாபகத்தில் ஊருக்கு ஓடுவது வேறு, அங்கே யாரோ படுத்துகிறார்கள் என்று ஓடிவருவது வேறு. ரெண்டாவதற்கு ‘பழகிரும்’ என்று எந்தப் பெரியவரும் சொல்லக்கூடாது. ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாடு 1997-லேயே சட்டம் போட்டுவிட்டது. 1800-180-5522 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அடிக்கலாம். மனசு ரொம்பக் கனத்து, தூக்கமே இல்லாமல், எதிலும் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் 14416-க்கு அடிக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். வெள்ளிக்கிழமை பையோடு வருகிற பிள்ளையிடம் “மெலிஞ்சுட்டியே” என்று சோறு போடுவதற்கு முன்னால், ரெண்டில் எதுவென்று நாம் கேட்டுவிட வேண்டும். நான் அன்றைக்கு அன்னூரில் அதைக்கூடக் கேட்கவில்லை.

நேற்று ராத்திரிதான் கேட்டேன். போனில் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன், கேரட்டையும் சேர்த்து. யாரும் படுத்தவில்லையாம். வகுப்புதான் பிடிபடவில்லையாம், பேசவும் ஆளில்லையாம். அடுத்த அறையில் திருவண்ணாமலைப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம், பெயர் மட்டும் தெரியுமாம், ஊருக்கு அவள் இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லையாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது.

“ஏனுங் சித்தி, சனிக்கிழமை மத்தியானம் எங்க மெஸ்ல சோறு இருக்குமுங்களா?”

“எனக்கெப்படித் தெரியும் கண்ணு? பக்கத்து ரூம்ல அந்தப் பிள்ளைய கேளு” என்றேன். செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. போனை வைக்காமலே போனாள்.